மலிவு ஸ்மார்ட்போன் வாங்கலாமா? தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ கோயில் பணிக்கோ டர்பனில் வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். பெப், அக்கர்மன்ஸ் மாதிரித் துணிக்கடைகளிலும் ஷாப்ரைட் மாதிரி மளிகைக் கடைகளிலும்கூட ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரேண்டுக்கு ஸ்மார்ட்போன் தொங்குகிறது. இதை நம்பி வாங்கலாமா, இல்லை இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து வாங்குவதா?

2,000 முதல் 3,000 ரேண்ட் வரை ஒதுக்க முடிந்தால், பார்த்து எடுக்கிற மலிவு போன் மூன்று வருடம் தாராளமாக உழைக்கும். 1,500-க்குக் கீழே போனால் பேசுவதற்கும் வாட்ஸ்அப்புக்குமான இரண்டாவது போனாக மட்டும் அதை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, ஊரில் உள்ளவர்களோடு வீடியோ கால், பிள்ளையின் பள்ளிச் செய்தி, வழிகாட்டும் வரைபடம் எல்லாவற்றையும் அந்த ஒரே போன்மேல் ஏற்றினால் ஆறு மாதத்தில் திணறும். கேமராவையும் திரையின் அளவையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த நாட்டில் ஒரு மலிவு போனின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவை இரண்டுதான்: அதன் நினைவகம், இங்குள்ள நெட்வொர்க்கோடு அது ஒத்துப்போகிறதா என்பது.

விலையைப் பற்றி ஒரு செய்தி. 2025 ஏப்ரல் 1 முதல் 2,500 ரேண்டுக்கு உட்பட்ட ஸ்மார்ட்போன்களுக்கு 9 சதவீத ஆடம்பரத் தீர்வை நீக்கப்பட்டுவிட்டது. 15 சதவீத வாட் வரி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேரம் பார்க்காமல், 2,500-ஐ ஒட்டிய விலையில் இப்போது என்னென்ன இருக்கிறது என்று இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். போட்ட காசுக்கு அதிகம் கிடைக்கிற இடம் அதுதான்.

நினைவகம்: பெட்டியில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது

குறைந்தது 4 ஜிபி ராம் (செயலிகள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்), 64 ஜிபி சேமிப்பிடம் (படங்களும் செயலிகளும் தங்கும் இடம்). முடிந்தால் 128 ஜிபி. இதற்குக் கீழே எதையும் முதன்மைப் போனாக எடுக்காதீர்கள்.

பெட்டியில் "8 ஜிபி ராம்" என்று பெரிதாகப் போட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் "4+4" என்று இருக்கும். உண்மையான ராம் அதில் 4 மட்டுமே. மீதி 4 சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்குவது. மலிவு போன்களின் சேமிப்பிடம் ராமைவிடப் பல மடங்கு மெதுவானது, அதனால் அந்தக் கடன் பெரிதாக உதவாது, சேமிப்பிடத்தையும் தின்னும். கூட்டல் குறிக்கு முன்னால் உள்ள எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். "2+4" என்று இருந்தால் அது 2 ஜிபி போன், அவ்வளவுதான்.

2 ஜிபி போன்களில் வருவது ஆண்ட்ராய்டு கோ என்ற இலகுப் பதிப்பு. ஆண்ட்ராய்டு 13 முதல் அதற்கே 2 ஜிபி ராம் கட்டாயம். அப்படியென்றால் 2 ஜிபி போன் வாங்கும் அன்றே எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே வரைபடத்தைத் திறந்தால் அழைப்பு துண்டிக்கப்படும், அல்லது வரைபடம் மறுபடி முதலிலிருந்து ஏறத் தொடங்கும். இதில் போனில் கோளாறு ஒன்றும் இல்லை. இடம் போதாமல் ஆண்ட்ராய்டே ஒன்றை மூடிவிடுகிறது.

32 ஜிபி என்று எழுதியிருந்தாலும் இயங்குதளமும் கூடவே வரும் செயலிகளும் போக உங்கள் கைக்கு 20 ஜிபி அளவில்தான் மிஞ்சும். கோயில் குழு, குடும்பக் குழு, ஊர்க்குழு என்று நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் இருந்தால் காலை வணக்கப் படங்களும் திருவிழா வீடியோக்களும் சில மாதங்களிலேயே அதை நிரப்பிவிடும். நிரம்பினால் போன் மெதுவாவதற்கும் காரணம் உண்டு. மலிவு போன்களில் இருப்பது ஈஎம்எம்சி வகைச் சேமிப்பிடம். ஒற்றை வழிப் பாதை மாதிரி, ஒரு நேரத்தில் படிக்கவோ எழுதவோ மட்டுமே முடியும். கொஞ்சம் விலை கூடிய போன்களில் உள்ள யூஎஃப்எஸ் வகை இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும், வேகமும் சில மடங்கு அதிகம். ஈஎம்எம்சி கிட்டத்தட்ட நிரம்பிவிட்டால் புதிதாக எழுத இடம் தேடியே நேரம் போகும். எந்த மலிவு போனிலும் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விட்டுவையுங்கள்.

மெமரி கார்டு போட்டால் படங்களையும் பாட்டுகளையும் அதற்கு மாற்றலாம். செயலிகள் பெரும்பாலும் அதற்குப் போகாது. கார்டு கடைக்குக் கடை போலியாகவும் கிடைக்கிறது. 512 ஜிபி என்று எழுதி மிக மலிவாக விற்பதை வாங்க வேண்டாம். உள்ளே 16 ஜிபி மட்டுமே இருக்கும், அதற்கு மேல் போடும் படங்கள் சத்தமில்லாமல் அழிந்துபோகும்.

போனின் மூளையான சிப்பைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டியதில்லை. எட்டுக் கோர்களும் (சிப்புக்குள் வேலை செய்யும் பிரிவுகள்) சிறியவையாக இருக்கும் யூனிசாக் எஸ்சி9863ஏ, ஹீலியோ ஜி36 போன்றவை அடிமட்டம். இரண்டு பெரிய கோர்கள் சேர்ந்த யூனிசாக் டி606, டி612, ஹீலியோ ஜி85 போன்றவற்றில் திறக்கும் வேகமும் தட்டச்சும் தெளிவாகவே மேம்படும். 3,000-ஐத் தாண்டினால் ஹீலியோ ஜி99 கிடைக்கும். அதில் குறை சொல்ல அதிகம் இல்லை.

இங்குள்ள நெட்வொர்க்கோடு ஒத்துப்போகிறதா

ஊரிலிருந்து போன் கொண்டுவந்தவர்களுக்கும், வாங்கி வரச் சொல்லலாம் என்று நினைப்பவர்களுக்கும் இந்தப் பகுதிதான் மிக முக்கியம்.

வோடாகாம், எம்டிஎன், டெல்காம், செல் சி என்று நான்கு பெயர்கள் கடையில் அடிபடும். செல் சி இப்போது வோடாகாம், எம்டிஎன் கோபுரங்களின் மேல்தான் ஓடுகிறது. எல்லாருக்கும் பொதுவான 4ஜி அலைவரிசை 1800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 3. இது இல்லாத 4ஜி போன் அரிது. சிக்கல் கீழ்வரிசைகளில், அதாவது 1,000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைவரிசைகளில். 2022 மார்ச் அலைவரிசை ஏலத்தில் வோடாகாம் 700-ஐ, அதாவது பேண்ட் 28-ஐ எடுத்தது. எம்டிஎன்னும் டெல்காமும் 800-ஐ, அதாவது பேண்ட் 20-ஐ எடுத்தன. கீழ்வரிசை அலைகள் தொலைதூரம் போகும், செங்கல் சுவரையும் மேடு பள்ளத்தையும் கடந்து வரும். டர்பன் பகுதி முழுக்க மேடும் பள்ளமும்தான். சாட்ஸ்வொர்த்தில் மேட்டுத் தெருவில் நன்றாக வரும் சிக்னல் இறக்கத்து வீட்டின் பின்னறையில் செத்துவிடும். வெருலம், டொங்காட் தாண்டிக் கரும்புத் தோட்டங்களுக்குள் போனால் கீழ்வரிசை இருந்தால்தான் பேச்சே. டெல்காமுக்குக் கூடுதலாக 2300 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 40 இருக்கிறது. டெல்காம் சிம் எடுப்பவர்கள் அதையும் பாருங்கள்.

இந்தியாவில் விற்கும் மலிவு போன்களில் பேண்ட் 40 பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் அங்கே அது தேவை. பேண்ட் 20 இந்தியாவில் பயன்பாட்டில் இல்லை என்பதால் அதைப் பல மாடல்களில் விட்டுவிடுகிறார்கள். ஆக ஊரிலிருந்து வந்த 10,000 ரூபாய் போன் டர்பன் நகர மையத்தில் நன்றாக ஓடி, எம்டிஎன் சிம்மோடு ஊர்ப்புறம் போனதும் 3ஜிக்கு விழும். போனின் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு மாடல் எண் வரும். அமைப்புகளில் "போனைப் பற்றி" என்ற பக்கத்தில் உள்ள மாடல் எண்ணை எடுத்து, அந்த எண்ணுக்கான பேண்ட் பட்டியலைத் தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். 3, 8 (900 மெகாஹெர்ட்ஸ்), 20, 28 நான்கும் இருந்தால் கவலையே இல்லை.

அடுத்தது வோல்ட்இ. 4ஜி மூலமே குரல் அழைப்பு போவதற்கு அந்தப் பெயர். 2ஜி, 3ஜி வலைகளை மூட அரசு 2027 டிசம்பர் 31-ஐ எல்லையாக வைத்திருக்கிறது. அதன் பிறகு வோல்ட்இ ஓடாத போனில் இணையம் வரும், சாதாரணக் குரல் அழைப்பு வராது. போனில் வோல்ட்இ இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருப்பது போதாது. ஒவ்வொரு நெட்வொர்க்கும் மாடல் வாரியாக அதை அனுமதிக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து வந்த மாடல்களில் இது அடிக்கடி விட்டுப்போகிறது. சோதிப்பது எளிது. சிம்மைப் போட்டு, வைஃபையை அணைத்து, ஒரு எண்ணுக்கு அழையுங்கள். பேசும்போது திரையின் மேல் மூலையில் 4ஜி அப்படியே நின்றால் வோல்ட்இ ஓடுகிறது. அது 3ஜி, எச் (H), ஈ (E) போன்ற பழைய நெட்வொர்க் குறியாக மாறி, அழைப்பை வைத்ததும் மறுபடி 4ஜிக்கு ஏறினால் ஓடவில்லை. அமைப்புகளில் சிம் பகுதியில் அதற்கான பொத்தான் அணைந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்து, அப்போதும் இல்லையென்றால் அந்தப் போனை அந்த நெட்வொர்க்குக்கு எடுக்க வேண்டாம்.

5ஜிக்காக மலிவு போனில் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தை நினைவகத்தில் போடுங்கள்.

இரண்டு சிம் இடத்தையும் பாருங்கள். ஊர் வங்கியின் ஓடிபி வர இந்திய சிம்மை உயிரோடு வைத்திருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். சில போன்களில் இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே குழியைப் பங்குபோடும். ஒன்றைப் போட்டால் மற்றதைப் போட முடியாது. தட்டை வெளியே இழுத்து மூன்று தனிக் குழி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வெளிநாட்டு ரோமிங்கை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செயல்படுத்திவிட வேண்டும், இங்கு வந்த பிறகு செய்வது பெரும் அலைச்சல். இங்கே வந்ததும் இந்திய சிம்மில் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பில் பயமுறுத்தும்.

எங்கே, எப்படி வாங்குவது

பெயர் தெரியாத பிராண்டுகளைத் தவிருங்கள். சாம்சங் ஏ வரிசை, ரெட்மி, ஹானர், டெக்னோ, ஐடெல், ஹைசென்ஸ் இவை இங்கே பரவலாக விற்பவை. இதில் எதை எடுத்தாலும் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஃபீனிக்ஸ் பிளாசாவிலோ சாட்ஸ்வொர்த் சென்டரிலோ போன் சாமான் விற்கும் சிறு கடைகளில் அந்த மாடலுக்கான உறையும் கண்ணாடி ஒட்டும் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் அந்த மாடல் ஊரில் நிறைய ஓடுகிறது, திரை உடைந்தால் மாற்றுத் திரையும் அருகிலேயே கிடைக்கும். உறைகூடக் கிடைக்காத மாடலுக்கு உதிரிப்பாகம் கிடைக்காது.

பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை வருடம் என்பதையும் கேளுங்கள். 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16-க்கு ஆறு வருடம் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அடிமட்ட மாடல்களில் இரண்டு வருடத்தோடு நின்றுவிடுபவையும் உண்டு. வங்கிச் செயலி பயன்படுத்துபவர்களுக்கு இது கேமராவைவிடப் பெரிய விஷயம்.

நெட்வொர்க் கடையில் மலிவாகக் கொடுக்கும் போன் அந்த நெட்வொர்க்குக்கே பூட்டப்பட்டிருக்கலாம். "வேற சிம் போட்டா வேலை செய்யுமா?" என்று கேட்டுவிட்டு, வேறு நெட்வொர்க் சிம் ஒன்றை அங்கேயே போட்டுப் பாருங்கள். வாய்வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள்.

மாதத் தவணை ஒப்பந்தத்தில் "மாதம் 149 ரேண்டுதான்" என்று இனிக்கப் பேசுவார்கள். 36 மாதத்துக்குப் பெருக்கினால் 5,364 ரேண்ட். அதே போன் ரொக்கத்துக்கு 2,500 என்றால், மீதிக்கு எவ்வளவு டேட்டாவும் பேச்சு நிமிடமும் தருகிறார்கள் என்று கணக்குப் போடுங்கள். புதிதாக வந்து கடன் வரலாறு இல்லாதவர்களுக்கு ஒப்பந்தம் கிடைப்பதே கடினம். ரொக்கத்துக்குப் போன், ப்ரீபெய்டு சிம் என்று தொடங்குவதே நிம்மதி.

சிம்மை ரிக்கா சட்டப்படி பதிவு செய்தால்தான் அது உயிர்பெறும். பாஸ்போர்ட்டும், மூன்று மாதத்துக்குள் தேதியிட்ட முகவரிச் சான்றும் கொண்டுபோங்கள். மாமா வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்கியிருந்து உங்கள் பெயரில் பில் எதுவும் இல்லையென்றால், வீட்டுக்காரரின் பில்லோடு அவர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். காவல் நிலையத்தில் காசில்லாமலே சான்றொப்பம் போட்டுத் தருவார்கள். தெருவோரம் "பதிவு செய்த சிம்" என்று விற்பதை வாங்கவே கூடாது. அது யார் பெயரில் இருக்கிறதோ அவர் நினைத்தால் உங்கள் எண் அவர் கைக்குப் போய்விடும், கூடவே வங்கி ஓடிபியும் போகும்.

பழைய போன் வாங்குவது தப்பில்லை. நல்ல நிலையில் உள்ள நடுத்தரப் பழைய போன், அதே விலைப் புதிய அடிமட்டப் போனைவிட வேகமாகவே இருக்கும். மூன்று நிபந்தனைகள். பதிவு பெற்ற பழைய பொருள் கடையில் ரசீதோடு வாங்க வேண்டும். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து, திருட்டுப் போன் பட்டியலில் அது இல்லை என்று நெட்வொர்க்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பவர் உங்கள் கண்ணெதிரே தன் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு அழித்துத் தர வேண்டும். கணக்கை நீக்காமல் அழித்த போன் மறுபடி திறக்கும்போது பழையவரின் கடவுச்சொல்லைக் கேட்கும். அப்போது அது கையில் வெறும் கண்ணாடித் துண்டு.

கடை மேசையிலேயே செய்ய வேண்டியவை

பதினைந்து நிமிடம் போதும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

1. பெட்டியில் இக்காசா முத்திரை இருக்கிறதா பாருங்கள். தொலைத்தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் அது. பிறகு *#06# அடித்து, திரையில் வரும் ஐஎம்இஐ எண்ணும் பெட்டி ஒட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடைசி இலக்கம் வரை ஒப்பிடுங்கள்.

2. "போனைப் பற்றி" பக்கத்தில் ஆண்ட்ராய்டு பதிப்பு, பாதுகாப்புத் தேதி, ராம் மூன்றையும் படியுங்கள். பாதுகாப்புத் தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்து, புதுப்பிப்பும் வரவில்லையென்றால் அந்த மாடலைத் தயாரிப்பாளர் கைவிட்டுவிட்டார் என்று பொருள்.

3. சிம் போட்டு மேலே சொன்ன வோல்ட்இ சோதனை. அப்படியே வேறு நெட்வொர்க் சிம்.

4. ஒலிப்பதிவு செயலியில் அரை நிமிடம் பேசி, சத்தத்தை முழுதாக வைத்துக் கேளுங்கள். மலிவு போன்களில் ஒலிபெருக்கி கிரீச்சிடுவதும் மைக் அமுங்குவதும் சகஜம். ஊரில் உள்ள அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் தெளிவாகப் போக வேண்டுமே.

5. ஏதாவது ஒரு செயலி ஐகானை அழுத்திப் பிடித்து, விடாமல் திரை முழுக்க நாலு மூலைக்கும் இழுத்துக்கொண்டு போங்கள். எங்கேயாவது கை நழுவினால் அந்த இடத்தில் தொடுதிரை செத்திருக்கிறது.

6. கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பாருங்கள். டர்பன் கோடை வெயிலில் மங்கலான திரையில் எழுத்தே தெரியாது. அப்போதே ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து படியுங்கள். 720 புள்ளித் திரையில் ண, ணை, ஞ போன்ற சுழி எழுத்துகள் சிறிய அளவில் குழம்பித் தெரியும். எழுத்தளவை ஒரு படி கூட்டினால் சரியாகிவிட்டால் வாங்கலாம்.

7. விரல்ரேகை உணரி இருக்கிறதா? அடிமட்டப் போன்களில் முகம் பார்த்துத் திறப்பது மட்டுமே இருக்கும். சாதாரண முன்கேமராவை வைத்துச் செய்வதால் வங்கிச் செயலிகள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. ஒவ்வொரு முறையும் எண் அடிக்க வேண்டியிருக்கும்.

8. சார்ஜர் பெட்டியில் உள்ளதா, சி வகைத் துளையா என்று பாருங்கள். பழைய மைக்ரோ வகைத் துளை ஒரு வருடத்தில் ஆடத் தொடங்கும்.

முதல் நாள் அமைப்பு

பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மொத்தமாக இறக்காதீர்கள். வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். முதலில் வைஃபையில் இணைத்துப் புதுப்பிப்புகள் எல்லாவற்றையும் முடித்து, ஒரு முறை அணைத்துத் திறங்கள். பிறகு கூடவே வந்த விளையாட்டுகள், கடன் செயலிகள், தெரியாத உலாவிகள் எல்லாவற்றையும் நீக்குங்கள். நீக்க முடியாததை முடக்குங்கள்.

ஏதோ ஒன்று தானாக டேட்டாவையும் ஏர்டைமையும் (சிம்மில் ஏற்றிய பணம்) தின்கிறது என்று தோன்றினால் அலட்சியம் செய்யாதீர்கள். தென்னாப்பிரிக்கா உள்பட ஆப்பிரிக்க நாடுகளில் விற்ற ஒரு மலிவு மாடலில் டிரையடா, எக்ஸ்ஹெல்ப்பர் என்ற தீங்குநிரல்கள் தொழிற்சாலையிலிருந்தே உள்ளே இருந்தது 2020-இல் வெளியானது. அவை பயனருக்குத் தெரியாமலே சந்தாச் சேவைகளில் சேர்த்துவிட்டு ஏர்டைமைக் கழித்தன. நெட்வொர்க்கின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, உங்கள் எண்ணில் உள்ள உள்ளடக்கச் சந்தாக்களைக் கேட்டு, எல்லாவற்றையும் நிறுத்தி, புதியவை சேராதபடி தடுக்கச் சொல்லுங்கள். வாங்கிய முதல் நாளிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது.

வாட்ஸ்அப்பில் படம், வீடியோ, ஆவணம் மூன்றுக்கும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். குழுப் படங்கள் கேலரியில் சேர்வதையும் அணையுங்கள். இந்த இரண்டும் செய்தாலே 64 ஜிபி போன் இரண்டு வருடம் மூச்சுவிடும். குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை எம்பி செலவாகும், வீடியோவுக்கு அதைப்போலப் பத்து மடங்கு. டேட்டா பொதியின் காலாவதியைக் கவனியுங்கள். மீந்த டேட்டாவை அடுத்த காலத்துக்கு நீட்டவும் வேறு எண்ணுக்கு மாற்றவும் வழி தர வேண்டும் என்று 2019 முதல் விதி இருக்கிறது. ஆனால் காலாவதிக்கு முன்பே நீங்கள்தான் கேட்டுச் செய்ய வேண்டும்.

தமிழ் தட்டச்சுக்கு ஜிபோர்டு (கூகுள் விசைப்பலகை) அமைப்பில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். நேரடித் தமிழ் விசைப்பலகையும் இருக்கிறது, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழாக மாற்றுவதும் இருக்கிறது. பேசித் தட்டச்சு செய்யவும் தமிழ் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த பல தமிழ்க் குடும்பங்களில் பாட்டி தமிழ் பேசுவார், எழுத்து படிக்க வராது. அவருக்குப் போன் வாங்கித் தருவதாக இருந்தால், பெரிய எழுத்து, உரத்த ஒலிபெருக்கி, முகப்புத் திரையில் பேரப்பிள்ளைகளின் படத்தோடு நேரடி அழைப்புக் குறி, இவை போதும். அடிமட்டப் போன் பொருந்துகிற இடம் இதுதான்.

மின்சாரம்

பெரும்பாலான மலிவு போன்களில் 5,000 எம்ஏஎச் மின்கலமும் 10 வாட் சார்ஜரும் வரும். முழுதாக ஏற இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். மின்வெட்டு அடுத்தடுத்து வரும் நாட்களில் இந்த மெதுவான ஏற்றம் கையைக் கடிக்கும். 15 அல்லது 18 வாட் ஏற்கும் மாடலுக்கு நூறு இருநூறு ரேண்ட் கூடுதலாகக் கொடுக்கலாம்.

கரண்ட் போனபின் கோபுரங்கள் மின்கலத்தில் ஓடும். அதுவும் தீர்ந்தால் போன் சிக்னலைத் தேடித் தேடித் தன் சக்தியைக் கரைத்துவிடும். சிக்னல் இல்லாத நேரத்தில் விமானப் பயன்முறையில் போடுங்கள். சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி வைத்து, கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். திரும்பி வரும்போது வரும் மின்னழுத்தத் துள்ளலில் மலிவு சார்ஜர்கள்தான் முதலில் போகும். 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்றால், மின்னழுத்தம் மாற்றுவதில் போகும் இழப்பு நீங்கி, உண்மையில் 6,000 அளவுக்குத்தான் போனுக்கு வரும். 5,000 போனை ஒரு முறை நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும்.

இங்கேயும் 230 வோல்ட் என்பதால் ஊர்ச் சார்ஜர் வேலை செய்யும். இரண்டு உருண்டை முள் சார்ஜரை இங்குள்ள இரு முள் அடாப்டரில் மாட்டிக்கொள்ளலாம். கடலோர உப்புக் காற்றும் ஈரப்பதமும் சார்ஜ் துளையை அரிக்கும். சார்ஜ் விட்டு விட்டு ஏறினால், போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் துளைக்குள் அடைந்திருக்கும் பஞ்சை மெல்ல எடுங்கள். ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும்.

கெட்டுப்போனால், திருடுபோனால்

ரசீதைப் படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். வெப்பத்தில் அச்சான ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் கோளாறு வந்தால், பழுதுபார்ப்பதா, வேறு போன் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. "கம்பெனிக்கு அனுப்புறதுதான் எங்க முறை" என்று கடைக்காரர் சொன்னால் இந்தப் பிரிவை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். பழுதுபார்த்து மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினாலோ சரியாகவில்லை என்றாலோ மாற்றியோ பணமாகவோ தந்தே ஆக வேண்டும். நீர் பட்டதற்கும் கீழே விழுந்ததற்கும் இது பொருந்தாது. தனிநபரிடம் வாங்கியதற்கும் பொருந்தாது. இணையத்தில் வாங்கினால் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. கடை மசியவில்லையென்றால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

மினிபஸ் டாக்சியிலும் நகர மையத்திலும் போன் பறிபோவது இங்கே அன்றாட ஆபத்து. மலிவு போனை இரண்டாவது போனாக வாங்குவதற்கு இதுவே வலுவான காரணம். வெளியே அதைக் கொண்டுபோங்கள், வங்கிச் செயலி உள்ள போனை வீட்டில் விடுங்கள். ஒரே போன் என்றால் வங்கிச் செயலியில் ஒரு நாளைக்கான பணப் பரிமாற்ற வரம்பைத் தேவைக்கு மட்டும் குறைத்துவையுங்கள்.

பறிபோனால் வரிசை இது. முதலில் வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துச் செயலியை முடக்குங்கள். அடுத்து நெட்வொர்க்கை அழைத்து சிம்மை நிறுத்துங்கள், ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துப் போனைத் தடைப்பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூகுள் கணக்கில் நுழைந்து போனைப் பூட்டுங்கள் அல்லது அழியுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண்ணை வாங்குங்கள். சிம்மோ போனோ தொலைந்தால் புகார் கொடுப்பது ரிக்கா சட்டப்படி கடமையும்கூட, காப்பீடு இருந்தால் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். ஐஎம்இஐ எண்ணைப் போனுக்குள்ளேயே சேமித்து வைத்துப் பயனில்லை. வாங்கிய அன்றே பெட்டி ஒட்டியைப் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.